சிவப்பு, சிவப்பு, மஞ்சள்

இயற்பியல் வாத்தியார் ஒருவரின் மூக்குக்குள் அண்ணாச்சி மெஸ் நடத்திவந்தார். ஈரம் கொஞ்சம் அதிகம். மற்றபடி நல்ல இடம்.

அங்கே யாரும் வாய்திறந்து கேட்பதில்லை. நாலு நிறத்தில் டோக்கன் உண்டு. மூன்றை எடுத்து இலைக்கு முன்னால் வரிசையாக வைக்க வேண்டும். அந்த வரிசைக்கு உரிய ஆள் வாளியோடு வந்து ஒரு பண்டம் வைப்பார். அடுத்த மூன்றுக்கு அடுத்த பண்டம். வடைக்கு மட்டும் ஆறு வரிசை, ஆறு ஆட்கள். ஆறு வாளியிலும் ஒரே வடைதான்.

ஆறில் ஒருத்தி முப்பிடாதி. அவளுடைய வரிசை சிவப்பு, சிவப்பு, மஞ்சள். அதை யாரும் வைப்பதில்லை. ஏன் என்று கேட்டால் அது ஊர்ப் பழக்கம் என்பார்கள். அவள் கைகழுவும் தொட்டியோரம் வாளியோடு நின்றாள்.

"உள்ள வடை இருக்கா, குஞ்சு பொரிச்சிட்டா?" என்று கேட்டுக்கொண்டே வேலாயுதம் ஓடினான். சிவப்பு, சிவப்பு, நீலம் அவனுடையது. எல்லாரும் அதைத்தான் வைத்தார்கள்.

அண்ணாச்சி அவளைக் கூப்பிட்டார்.

"ஒரு வடைக்கு ஆறு பேரு எதுக்கு? சனிக்கெழம வரைக்கும் பாப்பேன். ஒருத்தனும் ஒன் டோக்கன வைக்கலேன்னா நீ நின்னுக்கிட வேண்டியதுதான்."

"இப்பவும் நின்னுக்கிட்டுத்தானே அண்ணாச்சி இருக்கேன்?"

அண்ணாச்சி சிரிக்கவில்லை. அவளுக்கும் சிரிப்பு வரவில்லை. இந்த மூக்கை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

சனிக்கிழமை காய்ச்சல் வந்தார். கையில் எட்டுப் பெட்டி, சட்டையில் குளத்து வாசம். ஒரு வாத்திடமிருந்து நேராக வருவதாகச் சொன்னார்.

"சாப்பாடா, டிபனா?" என்று அண்ணாச்சி கேட்டார்.

"கோக்கணும்" என்று காய்ச்சல் நூலை எடுத்தார்.

அவர் எதையும் தின்னவில்லை. இலையில் வைத்ததையெல்லாம் வரிசைப்படி நூலில் மாலையாகக் கோத்தார். வடை வேண்டிய இடத்திலெல்லாம் சிவப்பு, சிவப்பு, மஞ்சள் வைத்தார். வாத்துக்குள்ளே எல்லாரும் அப்படித்தான் வைப்பார்களாம்.

முப்பிடாதி ஒற்றை ஆள். அவள் நடக்க நடக்கக் கூடம் நீண்டது. காய்ச்சல் பொறுமையாகக் காத்திருந்தார். சாயங்காலம் அந்த மாலையைக் கோத்து முடித்தார். கோக்கக் கோக்கவே தானாக மடிந்துவந்த அது, சுருண்டு, இன்னொரு காய்ச்சலாக எழுந்து அடுத்த இலையில் உட்கார்ந்தது. அதுவும் சிவப்பு, சிவப்பு, மஞ்சள் வைத்தது.

வாத்தியார் பள்ளிக்கு லீவு போட்டார். மெஸ்ஸில் புழுக்கம். அண்ணாச்சி விசிறிக்கொண்டே, "கூட்டம்னா இது கூட்டம்" என்றார். முப்பிடாதிக்குக் கால் வலித்தது. அதுவும் நன்றாகத்தான் இருந்தது.

வேலாயுதத்துக்குப் பொறுக்கவில்லை.

"சார், கடைசியில நீலம் வைங்க. அதே வடைதான். ஓடியாந்துருவேன்."

"அப்படியா? ரொம்ப நன்றி" என்றார் காய்ச்சல்.

அதன்பின் ஒவ்வொரு மழைக்காலமும் காய்ச்சல் வந்தார். வரவர ஊர்க்காரர் ஆனார். குளத்து வாசம் போய்விட்டது. வேட்டியை மடித்துக் கட்டினார். மஞ்சள் குறைந்தது, நீலம் ஏறியது. முப்பிடாதி மறுபடி தொட்டியோரம் நின்றாள்.

ஒரு மழைக்காலம் காய்ச்சல் மஞ்சளையே தொடவில்லை. மாலை பாதிக்குமேல் வளர்ந்துவிட்டது. அண்ணாச்சி வந்து அவள் கையிலிருந்த வாளியை வாங்கினார். அவள் கொடுத்தாள்.

அப்போது காய்ச்சல் கோப்பதை நிறுத்தினார். மடியைத் துழாவி மூன்று டோக்கனை வைத்தார். சிவப்பு, சிவப்பு, மஞ்சள்.

"என்ன சார், பழைய ஞாபகமா?" என்று வேலாயுதம் வாளியோடு வந்துவிட்டான்.

"நீரு அங்கேயே நில்லும்வே. இந்த எடத்துக்கு நீரு ஆகாது."

"அதே வடைதானே?"

"வடை அதேதான். நீரு ஓடியாந்துருதீரு. முன்னால கோத்தது மடங்கி முடிக்கதுக்குள்ள அடுத்தது வந்து விழுது. போன வருசம் ஒருத்தன் எந்திரிச்சான், மூஞ்சி முதுகுப் பக்கம் இருந்துச்சு."

வேலாயுதம் தன் வாளியைப் பார்த்தான்.

காய்ச்சல் தொட்டிப் பக்கம் திரும்பினார். "எக்கா, ஒங்க நடைதான் வேணும். மெதுவா வாங்க."

அண்ணாச்சி வாளியைத் திருப்பிக் கொடுத்தார். முப்பிடாதி நடந்தாள். கூடம் நீண்டது. தூரத்தில் மாலை நிதானமாக ஒரு மடிப்பு மடிந்தது. பாதி வழியில் வாத்தியார் தும்மினார். மெஸ் குலுங்கியது. அவள் தூணைப் பிடித்து நின்று, வடையைச் சரிசெய்துகொண்டு, மறுபடி நடந்தாள்.

யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.