தலை சாயாத கதிர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் மகன்களோடு வயலைப் பார்க்க வருவதாக நிலத்துக்காரர் கோவிந்தப்பா சொல்லியிருந்தார். அதற்குள் செத்த கதிரையெல்லாம் பிடுங்கிவிட வேண்டும் என்று முத்தம்மா விடிந்ததும் வயலில் இறங்கிவிட்டாள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற காரியம்தான். ஆனால் வேறு என்ன செய்வாள் பாவம்?

சந்தாபுரா ஏரிக்குக் கீழே, சுற்றிலும் அடுக்குமாடி முளைத்துவிட்ட இடத்தில் மிஞ்சியிருந்த ஒரே நெல்வயல் அது. மகன்கள் சைட் போட்டு, மனை மனையாக விற்கத் துடித்தார்கள். பெரியவருக்கு மனசில்லை. "ஒரு போகம் வெள்ளாமை எடுத்துக் காட்டுங்க. வீட்டுக்கு நெல்லு வந்துடிச்சின்னா, நான் இருக்கிற மட்டும் நிலம் உங்க கையிலதான். வரலைன்னா பசங்க வாய என்னால அடைக்க முடியாது" என்று முத்தம்மாவிடமும் அவள் புருஷன் பச்சைமுத்துவிடமும் சொல்லியிருந்தார். அதை நம்பி அவன் இருந்த வேலையையும் விட்டுவிட்டு வந்தான். வயலோரத்து மோட்டார் கொட்டகைதான் வீடு. நிலம் போனால் அதுவும் போகும்.

அவன் விட்டுவிட்டு வந்தது அடுக்குமாடியில் தோட்ட வேலை. அங்கே புல்தரை கொஞ்சம் வெளுத்தாலும் அசோசியேஷன்காரர்கள் வாட்ஸ்ஆப்பில் படம் போட்டு மானத்தை வாங்குவார்கள். ஒரு கை யூரியா வீசினால் இரண்டொரு நாளில் புல் கருகருவென்று வந்துவிடும், எல்லார் வாயும் மூடிக்கொள்ளும். பல வருஷம் அப்படிப் பிழைத்தவனுக்கு வெளிர்பச்சை என்றாலே கை யூரியா மூட்டைக்குப் போய்விடும். நெல்லுக்கும் அதையே செய்தான். முறத்தில் அள்ளிக் கொடுத்தவள் முத்தம்மாதான். பயிர் அப்படியொரு பச்சை பிடித்தது. சாலையில் போகிறவர்கள் வண்டியை நிறுத்தி செல்பி எடுத்தார்கள்.

பிறகு பனி விழுந்தது. இலையெல்லாம் கண் கண்ணாகப் பழுப்புப் புள்ளி. ஊர்க் கண் பட்டுவிட்டது என்று முத்தம்மா உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டாள். சத்துப் போதவில்லை என்று பச்சைமுத்து இன்னொரு தடவை யூரியா போட்டான். கதிர் வந்து, அதன் கழுத்துக் கறுத்த பிறகுதான் ஒன்றைப் பிடுங்கிக்கொண்டு மருந்துக் கடைக்கு ஓடினான்.

"குலைநோய். கழுத்துக்கே வந்தாச்சு, இனிமே மருந்து அடிச்சும் பிரயோஜனமில்ல" என்றார் கடைக்காரர். இருந்தும் அடித்தான்.

இப்போது முத்தம்மா பிடுங்கிக்கொண்டே போனாள். மணி பிடித்த கதிர் தலை சாய்ந்து நிற்கும். செத்தது வெளுத்து விறைத்து நிற்கும். விறைத்ததை எடுத்துவிட்டால் சாய்ந்தது கண்ணுக்குத் தெரியும் என்று நினைத்தாள். மடி நிறைந்தது. வரப்பில் கொட்டிவிட்டு மறுபடி நிறைத்தாள். திரும்பிப் பார்த்தபோது பின்னால் வெறும் தாள்தான் நின்றது. சாய்ந்த கதிர் அங்கொன்றும் இங்கொன்றும்.

"தாயே, இன்னும் நாலு கதிராச்சும் காட்டேன்" என்று வாய்விட்டு அழுதாள்.

கார் வந்து நின்றது. மகன்கள் அதிலேயே சாய்ந்து நின்றுகொண்டார்கள். கோவிந்தப்பா மட்டும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வரப்பில் வந்தார். பச்சைமுத்து கையைக் கட்டிக்கொண்டு நின்றான். முத்தம்மா மடியை மூடப் பார்த்தாள். பெரியவர் அதிலிருந்து ஒரு கதிரை எடுத்துக் கசக்கி, உள்ளங்கையை ஊதினார். எல்லாம் பறந்தது.

"யூரியா எத்தன தடவ போட்டே, பச்சமுத்து?"

"வெளுத்தப்பல்லாம் போட்டேங்கய்யா."

"அய்யோ கடவுளே! நீயே ஊட்டி ஊட்டி சாகடிச்சிட்டியேப்பா."

அவர் குரலில் கோபமே இல்லை. அதுதான் முத்தம்மாவுக்குத் தாங்கவில்லை. சேற்றிலேயே அவர் காலில் விழுந்தாள். "இன்னும் ஒரே ஒரு போகம் குடுங்கய்யா!"

பெரியவர் காரைத் திரும்பிப் பார்த்தார். "உங்களுக்குக் குடுத்த வாக்கத்தானம்மா அவங்களுக்கும் குடுத்திருக்கேன், நெல்லு வரலைன்னா நிலம் அவங்களுக்குன்னு" என்றார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

தை முடிவதற்குள் கொட்டகையை இடித்து, வயலில் மண்ணடித்து லேஅவுட் போட்டுவிட்டார்கள். வாசல் வளைவுக்கு இரண்டு பக்கமும் புல்தரை விரித்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள, மகன்களிடம் சொல்லிப் பச்சைமுத்துவை வைத்தார் கோவிந்தப்பா. பொம்மனஹள்ளியில் ஒரு வாடகை அறையிலிருந்து புருஷனும் பெண்டாட்டியும் பஸ் ஏறி வந்தார்கள்.

புல் வெளுத்த அன்று லேஅவுட் மேஸ்திரி யூரியா மூட்டையைக் கொண்டுவந்து போட்டார். பச்சைமுத்து ஒரு கை அள்ளினான். வீச முடியாமல் அப்படியே நின்றான். மேஸ்திரி பார்த்துக்கொண்டிருந்தார். முத்தம்மா அவன் கையிலிருந்ததை வாங்கி வீசினாள்.

இரண்டொரு நாளில் புல் கருகருவென்று வந்துவிட்டது.