ஆடு தின்னாத கிழங்கு

மார்கழி பிறந்து பத்து நாள் ஆகியிருந்தது. கொல்லைக் கதவைத் திறந்த ஈஸ்வரி அப்படியே நின்றுவிட்டாள். நேற்று சாயங்காலம் வரை தரை தெரியாமல் படர்ந்திருந்த சர்க்கரைவள்ளிக் கொடிகளில் ஒரு பகுதி வாடித் துவண்டு கிடந்தது. இரண்டு பாத்திகளில் மண் புரண்டிருந்தது. குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையை விட்டுப் பார்த்தாள். கிழங்கு இருக்க வேண்டிய இடத்தில் பள்ளம்தான் இருந்தது. மேலே கிடந்த ஒன்றிரண்டும் பாதி கடிபட்டவை.

குத்தாலத்துக்குப் பக்கத்து ஊர் அது. ஈஸ்வரியின் கணவன் ராஜராஜன் சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறான். வயலைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் கொல்லையை மட்டும் ஈஸ்வரி தானே பார்த்துக்கொண்டாள். இந்த வருடம்தான் முதன்முதலாகச் சர்க்கரைவள்ளி போட்டாள். ஒரத்தநாட்டில் இருக்கும் அக்கா வீட்டிலிருந்து கொடி வெட்டிக்கொண்டு வந்து நட்டது. ஐப்பசி மழையில் வேர் அழுகிவிடாமல் இருக்க, நனைந்துகொண்டே மண்ணை அணைத்தாள். பொங்கலுக்குத் தன் கொல்லைக் கிழங்கைத்தான் படைக்க வேண்டும் என்று ஆசை.

பாத்தி ஓரத்தில் ஆட்டுக் குளம்புத் தடம் தெரிந்தது. அவளுக்கு அது போதும்.

பின்வீட்டு தர்மாம்பாளிடம் நாலு ஆடுகள் இருந்தன. தர்மாம்பாளுக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். பதினெட்டுப் பெண்கள் கொண்ட நடவுக் குழுவை அவள்தான் நடத்தினாள். சுற்று வட்டாரத்தில் நடவுக்கோ களைக்கோ ஆள் வேண்டுமென்றால் அவளுக்குத்தான் போன் வரும். பழைய மொபெட் ஒன்றில் வயல் வயலாகப் போய் வருவாள்.

அன்று காலை பால் சொசைட்டி வாசலில் பத்துப் பேர் நின்றுகொண்டிருந்தார்கள். தர்மாம்பாளும் நின்றாள். ஈஸ்வரி நேராக அவளிடம் போனாள்.

"ஆடு வளக்கத் தெரிஞ்சா போதுமா? கட்டி வைக்கத் தெரிய வேணாமா? என் கிழங்கு பூராவும் போச்சு!"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். தர்மாம்பாள் பால் தூக்கைக் கீழே வைத்தாள்.

"போன வாரம் வேலியில பூந்து ஓரத்துல எலயக் கடிச்சுது. அது என் ஆடுதான். இல்லேங்கல. கெழங்கத் தின்னுச்சாங்கிறதப் பாக்கணும்."

"என்னத்தப் பாக்குறது? தடம் இருக்கு!"

"சரி ஈஸ்வரி. இனிமே ஆடு வெளிய வராது."

அவ்வளவுதான் சொன்னாள். குரலும் உயரவில்லை. ஈஸ்வரிக்கு அதுவே இன்னும் ஆத்திரமாக இருந்தது.

அன்று மத்தியானத்திலிருந்து தர்மாம்பாள் வீட்டு ஆடுகள் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. களை வேலை முடித்து வரும்போது மொபெட்டின் பின்னால் தழை கட்டிக்கொண்டு வந்து போட்டாள். கட்டிக் கிடந்து பழகாத ஆடுகள் கத்திக்கொண்டே இருந்தன. அந்தச் சத்தம் ஈஸ்வரியின் அடுப்படி வரை கேட்டது.

ஆனால் மறுநாள் காலை மூன்றாவது பாத்தி போயிருந்தது. அதற்கடுத்த நாள் நாலாவது.

ஆடுகள் கட்டித்தான் கிடக்கின்றன என்று ஈஸ்வரிக்குத் தெரியும். அந்தக் கத்தலைக் கேட்கும்போதெல்லாம் அவளுக்கு முகம் சூடானது. போய் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று வேலி வரை போவாள். வாய் வராமல் திரும்பிவிடுவாள்.

விஷயம் தெரிந்து ராஜராஜனின் அண்ணன் கோவிந்தராசு வந்தார். கையில் ஒரு சுருள் கம்பி.

"இது காட்டுப்பன்னி வேலைம்மா. சுத்தி ஒரு கம்பி இழுத்து மோட்டார் லயன்லேருந்து கரண்ட் கொடுத்துடுவோம். காலையில விழுந்து கெடக்கும் பாரு."

"பயமா இருக்கு மாமா. யாராவது மிதிச்சிட்டா?"

"உன் கொல்லைக்குள்ள யாரு வரப் போறா?"

அவர் குச்சி ஊன்றத் தொடங்கினார். இரண்டு பக்கம் ஊன்றி முடித்திருப்பார். தர்மாம்பாள் வேலியைச் சுற்றிக்கொண்டு வாசல் வழியாக விறுவிறுவென்று உள்ளே வந்தாள். வயலிலிருந்து அப்போதுதான் திரும்பியிருந்தாள். முழங்கால் வரை சேறு காயவில்லை.

"அண்ணே, அதக் கழட்டுங்க."

"இது எங்க எடம். உனக்கென்ன வந்துச்சு?"

"எங்க குழு அமிர்தத்த ஞாபகம் இருக்கா உங்களுக்கு? போன வருசம் எங்களுக்கு முன்னால வரப்புல போனா. எலிக்குன்னு எவனோ இழுத்துவிட்ட கம்பி. நான் நாலடி பின்னால வந்துகிட்டிருந்தேன். தொடக்கூட முடியல எங்களால. கட்டைய வச்சுத் தள்ளி எடுக்குறதுக்குள்ள போயிட்டா." தர்மாம்பாள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "கழட்டுங்கண்ணே. இந்தக் கம்பி இங்க இருக்குற வரைக்கும் நான் போவ மாட்டேன்."

சொன்னபடியே பாத்திக்கு நடுவில் நின்றாள். கோவிந்தராசு ஈஸ்வரியைப் பார்த்தார்.

"கழட்டிடுங்க மாமா" என்றாள் ஈஸ்வரி.

அவர் முணுமுணுத்துக்கொண்டே கம்பியைச் சுருட்டினார்.

மூன்று நாளைக்கு முன்னால் பத்துப் பேருக்கு எதிரில் தன்னிடம் ஏச்சு வாங்கியவள், இப்போது தன் கொல்லையில் ஓர் உயிர் போய்விடக் கூடாது என்று நிற்கிறாள்.  தர்மாம்பாள் குனிந்து, கடிபட்ட கிழங்கு ஒன்றை எடுத்தாள்.

"இதப் பாரு. அடியிலேருந்து கொடஞ்சிருக்கு. தோலு கிண்ணம் மாதிரி நிக்குது. பன்னியா இருந்தா மொத்தப் பாத்தியையும் உழுதுட்டுப் போயிருக்கும். ஆடு கெழங்கத் தோண்டாது. இது பெருச்சாளி."

"பெருச்சாளியா? இவ்ளோ கெழங்கையுமா?"

"சம்பா வயல்ல தண்ணி நிக்குதுல்ல. மேட்டுக்கு வந்துடுச்சு. எங்க குடியிருக்குன்னு கண்டுபிடிப்போம்."

வேலி ஓரம், கிணற்றடி, குளியலறைப் பின்புறம் என்று இருவரும் தேடினார்கள். ஒன்பது வளைகள் இருந்தன. ஈரமண்ணை உருட்டி எல்லாவற்றையும் தர்மாம்பாள் அடைத்தாள்.

"எதுல இருக்கோ அதத் தொறந்துகிட்டு வரும். காலையில வரேன்."

விடிந்ததும் வந்தாள். அவள் குழுவிலிருந்து இசைவாணி என்ற பெண்ணும் மண்வெட்டியோடு வந்திருந்தாள். ஒன்பதில் மூன்று வளைகள் திறந்திருந்தன. மூன்றும் குளியலறைக்குப் பின்னால் தென்னை மட்டையும் மக்கிய வைக்கோலும் குவிந்திருந்த இடத்தைச் சுற்றியே இருந்தன. ஒரு வருடமாக அந்தக் குவியலை அங்கே சேர்த்து வைத்தவள் ஈஸ்வரிதான். அது அவளுக்குச் சட்டென்று உறைத்தது. தர்மாம்பாளுக்கும் தெரிந்திருக்கும். "மட்டைய அந்தப் பக்கம் தூக்கிப் போட்டுடலாம்" என்று மட்டும் சொன்னாள்.

குவியலை அகற்றித் தோண்டினார்கள். வளை நேராகப் போகவில்லை. இடது பக்கம் திரும்பி, கீழே இறங்கி, மறுபடி மேலே ஏறியது. மண்வெட்டி எங்கே இறங்க வேண்டும் என்று தர்மாம்பாள் காலால் தட்டிப் பார்த்தே சொன்னாள். சொன்ன இடத்திலெல்லாம் வளை இருந்தது. இரண்டு பெருச்சாளிகள் வெளியே பாய்ந்தன. ஒன்று இசைவாணியின் மண்வெட்டி அடியில் விழுந்தது. பூனைக்குட்டி அளவு இருந்த மற்றொன்று வேலியைத் தாண்டி வயல் பக்கம் ஓடியே போய்விட்டது.

கடைசியில் ஓர் அறை திறந்தது. ஈஸ்வரி எட்டிப் பார்த்தாள். சிவப்புக் கிழங்குகள் ஒன்றன்மேல் ஒன்றாக, யாரோ கையால் அடுக்கியதுபோல இருந்தன. பக்கத்தில் நெற்கதிர்கள், அடியோடு அறுத்த மாதிரி, எல்லாம் ஒரே பக்கம் தலை வைத்து.

மற்ற இருவரும் பக்கத்தில் வந்து குனிந்து பார்த்தார்கள்.

"நாம கூட இவ்வளவு ஒழுங்கா அடுக்க மாட்டோம் அக்கா" என்றாள் இசைவாணி.

"பாடுபட்டிருக்கு பாவம்" என்று சிரித்தாள் தர்மாம்பாள். "ஆனா அடுத்தவ பட்ட பாட்டுல."

ஈஸ்வரியும் சிரித்தாள். பிறகு திடீரென்று அழுகை வந்துவிட்டது.

"என்னை மன்னிச்சிடுங்க அக்கா. அத்தனை பேரு முன்னால..."

"வுடு. நாலு மாசம் பாடுபட்டது போனா கோவம் வரும். வராட்டித்தான் தப்பு." தர்மாம்பாள் மண்ணைத் தள்ளி வளையை மூடத் தொடங்கினாள். "நான் போயி ஆட்ட அவுத்து விடணும். வேலியில அந்த ஓட்டைய மட்டும் நீயும் நானும் சேந்து அடச்சிடுவோம்."

அன்று சாயங்காலமே ஈஸ்வரி பால் சொசைட்டிக்குப் போனாள். பால் ஊற்ற வந்த ஒவ்வொருவரிடமும், கேட்காதவர்களிடமும்கூட, கிழங்கைத் தின்றது ஆடு இல்லை என்றும், தான் பேசியது தப்பு என்றும் சொன்னாள். சொல்லும்போது காது சிவந்தது. ஆனாலும் கடைசி ஆள் வரும் வரை நின்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள்.

போகிக்கு முந்தின நாள் மிச்சமிருந்த பாத்திகளைத் தோண்டினார்கள். தர்மாம்பாள் மண்வெட்டியைத் தொடவில்லை. கொடியைச் சுற்றி விரலால் மண்ணைத் தளர்த்தி, ஒரு கிழங்கில்கூடக் கீறல் விழாமல் கொத்துக் கொத்தாக எடுத்தாள். ஈஸ்வரி தன் பாத்தியை விட்டுவிட்டு அந்த விரல்களையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பொங்கலன்று ராஜராஜன் வீடியோ காலில் வந்தான்.

"கெழங்கு எவ்வளவு தேறுச்சு?"

ஈஸ்வரி தர்மாம்பாளைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். பால் சொசைட்டியில் அவள் குரலை உயர்த்தாமல் நின்றது, பாத்தி நடுவில் நின்று கம்பியைக் கழற்ற வைத்தது, காலால் தட்டியே வளையைக் கண்டுபிடித்தது. அரை மணி நேரம் ஆகியும் அவள் நிறுத்துவதாகத் தெரியவில்லை.

"ஈஸ்வரி, நான் கெழங்கப் பத்திக் கேட்டேன்."

"இருங்க. முக்கியமானத மொதல்ல சொல்லி முடிச்சிடுறேன்" என்றாள் ஈஸ்வரி.