தலைவர் கையெழுத்து

அலுமாரிக் கதவைப் புவனேந்திரன் ஓங்கிச் சாத்தியபோது வதனாவின் வலது கை உள்ளே இருந்தது. எலும்பு முறிந்த பிறகும் அவன் விடவில்லை. தோளைக் கொடுத்து இன்னொரு தரம் நெரித்தான்.

"கூட்டக் கொப்பிய எங்கடி வச்ச? ஓ.ஐ.சி. ஐயா வர்ற நேரம்."

கொப்பி அவனுடைய கதிரையிலேயே கிடந்தது. கண்டதும் கதவை விட்டான்.

"மூஞ்சியக் கழுவிட்டுத் தேத்தண்ணி ஊத்து. சத்தம் வந்துச்சு, மத்தக் கையும் போயிரும்."

கெலிஓயாவுக்கு மேலே அந்தத் தேயிலைத் தோட்டத்து லயன் வீடுகளுக்கு முன்பெல்லாம் கூப்பிட்டாலும் பொலிஸ் வராது. புவனேந்திரன்தான் அலைந்து திரிந்து மக்கள் பொலிஸ் குழுவை உண்டாக்கி, அதற்குத் தலைவரும் ஆனான். அதைப் பொய் என்று சொல்ல முடியாது. இப்போது ஒரு போன் எடுத்தால் ஜீப் வருகிறது. பதிலுக்கு நிலையப் பொறுப்பதிகாரியான ஓ.ஐ.சி. ஒன்றுதான் கேட்டார்: குடும்பச் சண்டைகள் முதலில் தலைவரிடம் போகட்டும், அவர் கையெழுத்து வைத்தால் முறைப்பாடு எடுக்கிறோம். பெண்கள் சந்தோசமாகக் கை தூக்கினார்கள். வதனாவும் தூக்கினாள். அதன் பிறகு பதினொரு பேர் தலைவரிடம் போனார்கள். ஒருத்திக்குத் தாடை உடைந்திருந்தது. எல்லாரிடமும் சமாதானம் பேசி, அடித்தவன் வீட்டுக்கே அனுப்பினான்.

கோப்பை கழுவ வந்த பக்கத்து வீட்டுத் திரேசா, வீங்கிக் கறுத்த கையைப் பார்த்தாள்.

"பாவி. இதுக்கு யாருகிட்டப் போயிச் சொல்லுவ?"

"சட்டப்படி தலைவர்கிட்டதான். எழுதித் தாங்கக்கா."

முற்றத்தில் கூட்டம் முடியும் நேரம். "வேற பிரச்சினை இருக்கா?" என்று ஓ.ஐ.சி. வழக்கம்போலக் கேட்டார். வதனா இடது கையால் கடிதத்தைப் புருசன் முன்னால் வைத்தாள்.

"கையெழுத்துப் போடுங்க."

வாசித்தவன் எழுந்து அவள் கொண்டையைப் பிடித்து மேசையில் மோதினான். கோப்பைகள் சிதறின. வதனாவின் மூக்கில் இரத்தம் கொட்டியது.

ஓ.ஐ.சி. அவன் தோளைத் தட்டி உட்காரவைத்தார். "தலைவர், கோபம் வேணாம். அம்மா, வீட்டுக்குள்ள பேசித் தீத்துக்குங்க. கையெழுத்து இல்லாம எடுக்க ஏலாது. உங்க குழு போட்ட சட்டம்தானே."

"நாங்கதான் சேர் கை தூக்கினோம்," என்றாள் திரேசா. "இப்ப எறக்கிட்டோம்."

தலைவரிடம் முறையிட்டுத் திரும்பிய பதினொரு பேரும் எழுந்தார்கள். வதனாவை நடுவில் விட்டுக்கொண்டு மலைப்பாதையில் இறங்கி நடந்தார்கள். ஓ.ஐ.சி.யோடு வந்திருந்த பெண் பொலிஸ் துஷானி, குடிக்காத தேநீரை வைத்துவிட்டுப் பின்னால் போனாள்.

நிலைய வாசலில் காவலுக்கு நின்றவன் வழி மறித்தான். "தலைவரோட கடிதம்?"

துஷானி அவனைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய் முறைப்பாட்டுப் புத்தகத்தைத் திறந்தாள்.

"அடிச்ச ஆள் பேர் சொல்லுங்க, அக்கா."

"புவனேந்திரன்," என்றாள் வதனா. "மக்கள் பொலிஸ் குழுத் தலைவர். அதையும் எழுதுங்க."