எண்பது போதும்

கூடத்து மூலையில் கிடந்த நாற்காலியை விட்டு டீச்சர் எழுந்திருக்கக் கூடாது என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனால் லேப்டாப்பின் சார்ஜர் வயர் சுவரிலிருந்து அவ்வளவு தூரம்தான் வரும். அந்த வயரைக் கழற்ற அவளுடைய வீட்டுக்காரர் விடமாட்டார்.

அவரை ஊரில் எல்லோரும் பேட்டரிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் தரைத்தளத்தில், மின்சாரம் போனால் லிஃப்டும் கம்ப்யூட்டர்களும் நின்றுவிடாமல் காப்பாற்றுகிற பேட்டரி அறை அவருடைய பொறுப்பு. வரிசை வரிசையாக அலமாரியில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கனத்த ஈய பேட்டரிகளுக்குத் தண்ணீர் ஊற்றி, முனைகளைத் துடைத்து, எந்த நேரமும் முழு சார்ஜில் வைத்திருப்பதுதான் வேலை. கொஞ்ச நாள் சார்ஜ் இறங்கிக் கிடந்தாலும் உள்ளே வெள்ளையாகப் படிந்து பாழாகிவிடும். "பேட்டரின்னா வயிறு நிறைஞ்சு இருக்கணும்" என்பார். முதலாளி சொன்னால்கூட அந்த விஷயத்தில் கேட்கமாட்டார்.

டீச்சர் பெண்கள் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் ஒரு கோடியில் நின்று அவள் ஒரு அதட்டல் போட்டால் மறுகோடியில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை எழுந்து நிற்கும். வீட்டிலும் அதே குரல்தான். கடைக்குப் போனவர் தெருமுனை திரும்பும்போது, "உப்பையும் சேர்த்து வாங்கிட்டு வாங்க!" என்று பின்னாலேயே வந்து பிடிக்கும். அந்தக் குரலைத்தான் போன வருஷம் அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். தொண்டையில் கட்டி, குரல்வளையோடு எடுத்தால்தான் உயிர் மிஞ்சும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். இப்போது அவள் கழுத்தில் இருக்கும் சிறு துளை வழியாக மூச்சு விடுகிறாள். அதன்மேல் மெல்லிய துணி ஒன்றைக் கட்டிக்கொள்கிறாள்.

வெளியூரில் இருக்கும் மகன் வந்து லேப்டாப்பில் ஏதோ போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். தட்டச்சு செய்தால் அது வாய்விட்டுப் படிக்கும். போனிலும் அப்படி வைத்துக்கொள்ளலாம் என்றான். ஆனால் அந்தச் சின்ன எழுத்துகளில் டீச்சரின் விரல் ஒன்றைத் தொட்டால் பக்கத்து எழுத்து விழுந்தது. தண்ணீர் கேட்டால் தந்தி கேட்டது போன். இளம் வயதில் டைப்ரைட்டிங் படித்தவளுக்கு லேப்டாப்பில் விரல்கள் பறந்தன. அதனால் அதுதான் அவள் வாய் என்று ஆகிவிட்டது.

வந்த குரல் யாரோ செய்தி வாசிக்கிற பெண்ணின் குரல். கோபமும் கிடையாது, கொஞ்சலும் கிடையாது. டீச்சர் எத்தனை ஆச்சரியக்குறிகளை அடுக்கினாலும் அது அமைதியாகவே படிக்கும். "என்னங்க. ஈரத் துண்டை. கட்டில் மேல. போடாதீங்க" என்று அது முதல்முறை சொன்னபோது பேட்டரிக்காரருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அறுவை சிகிச்சை முடிந்த புதிதில் ஒரு நாள் மருத்துவமனைக்குப் போயிருந்தார்கள். அவளை பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு மருந்து வாங்கப் போனார். வரிசை நீளம். அதற்குள் லேப்டாப் அணைந்துவிட்டது. நர்ஸ் வந்து ஏதோ கேட்டிருக்கிறாள். டீச்சர் இருண்ட திரையையே தட்டித் தட்டிக் காட்டியிருக்கிறாள். காது கேட்காதோ என்று நினைத்து அந்தப் பெண் இன்னும் சத்தமாகக் கேட்க, சுற்றி இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்திருக்கிறார்கள். இவர் திரும்பி வந்தபோது டீச்சர் அவருடைய சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சேரும்வரை விடவில்லை.

அன்றிலிருந்து அந்த லேப்டாப் நூறு சதவீதத்துக்குக் கீழே இறங்க அவர் விட்டதே இல்லை. ராத்திரி பகலாக வயர் செருகியே இருக்கும். தூசி படக்கூடாதென்று மேலே ஒரு துண்டு வேறு. வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் முதலில் பார்ப்பது திரை ஓரத்தில் இருக்கும் அந்த எண்ணைத்தான். நூறு என்று பார்த்த பிறகுதான் செருப்பைக் கழற்றுவார்.

இப்படி இருக்கையில்தான் தலைமை ஆசிரியையிடமிருந்து செய்தி வந்தது. த்ரோபால் அணிக்குப் பயிற்சி கொடுக்க ஆள் இல்லை. முடிந்தால் மாலை நேரம் மட்டும் வரமுடியுமா என்று. அவர் வேலை முடிந்து வந்து உட்கார்ந்ததும் டீச்சர் தட்டினாள்.

"திங்கள்கிழமையிலேர்ந்து ஸ்கூலுக்குப் போறேன்."

"போறியா? லேப்டாப்பு?"

"எடுத்துட்டுத்தான் போவேன்."

"கிரவுண்டுல ப்ளக் எங்க இருக்கு டீச்சர்?" கல்யாணமான நாளிலிருந்து அவரும் அவளை அப்படித்தான் கூப்பிடுகிறார்.

"கிரவுண்டுல ப்ளக் இருக்காது. பிள்ளைங்க இருக்கும்."

"நடுவுல சார்ஜ் போயிட்டா என்ன பண்ணுவ? அன்னைக்கு ஆஸ்பத்திரியில என்ன ஆச்சு, மறந்துட்டியா? கொஞ்ச நாள் போகட்டும். நானே லீவு போட்டுட்டுக் கூட வரேன்."

டீச்சரின் முகம் சிவந்தது. விசைகள் படபடவென்று அதிர்ந்தன. ஒரு வரி முழுக்க ஆச்சரியக்குறிகளாக அடித்திருப்பாள். ஆனால் செய்தி வாசிக்கிற பெண் நிதானமாகச் சொன்னாள்: "என் தொண்டையை எடுத்தது டாக்டர். என் காலைக் கட்டிப்போட்டது யாரு."

அவர் எழுந்து போய் வயர் சரியாகச் செருகியிருக்கிறதா என்று ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டு, முகம் கழுவப் போய்விட்டார்.

அந்த வாரம் வீட்டில் பேச்சு குறைந்துபோனது. டீச்சர் தட்டும்போது லேப்டாப் மேஜைமேல் ஆட ஆரம்பித்தது. மேஜைக்கால்தான் ஆடுகிறது என்று நினைத்து அவள் காகிதத்தை மடித்து அடியில் கொடுத்தாள். அப்புறம் மவுஸுக்குப் பதிலாகத் தடவும் அந்தப் பட்டை அமுங்க மறுத்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, தூசி துடைக்கலாம் என்று துண்டை விலக்கிய பேட்டரிக்காரர் லேப்டாப்பைப் பக்கவாட்டில் பார்த்தார். அடிப்பாகம் வயிறு உப்பியது போலப் புடைத்திருந்தது. தொட்டால் சூடு.

உப்பிய பேட்டரி என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. அத்தனை மாதத்தில் முதல்முறையாக அவரே வயரைப் பிடுங்கினார். மெஷினை அணைத்தார். தளும்பத் தளும்ப எண்ணெய் ஊற்றிய பாத்திரத்தைத் தூக்குவதுபோல இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, தெருக்கோடியில் இருந்த ரிப்பேர் கடைக்கு நடந்தார்.

கடையில் நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு ஒரு இளம்பெண் வேலை செய்துகொண்டிருந்தாள். அடித்தட்டைக் கழற்றியதும் உதட்டைப் பிதுக்கினாள். தட்டையாக இருக்கவேண்டிய பேட்டரி சின்னத் தலையணை போல இருந்தது.

"எப்பவும் சார்ஜ்லயே போட்டு வெச்சிருந்தீங்களா சார்?"

"ஆமாம்மா. நூறுக்குக் கீழ விட்டதே இல்ல" என்றார். அந்த நிலையிலும் குரலில் ஒரு பெருமை எட்டிப் பார்த்தது.

"அதான் சார் வினை. மேல ஏதாச்சும் போட்டு மூடுவீங்களா?"

"துண்டு…"

"சூடும் சேர்ந்துக்கிச்சு."

"நான் பேட்டரி வேலைதாம்மா பாக்கறேன். நிறைஞ்சு இருந்தாத்தானே பேட்டரிக்கு ஆயுசு?"

"அது உங்க ஈய பேட்டரிக்கு சார். இது வேற ரகம். எந்நேரமும் நூறுல நிறுத்தி வெச்சா இதுக்கு மூச்சு முட்டும். எண்பது வந்தா போதும்னு விட்டுடணும். இருபது பக்கம் இறங்கினா மறுபடி போடணும். நடுவுல இருந்தாத்தான் இது நல்லா இருக்கும். எண்பதுல தானா நிக்கற மாதிரி நான் செட் பண்ணித் தரேன். புது பேட்டரி வரதுக்கு ரெண்டு மூணு நாள் ஆகும்."

"அதுவரைக்கும் வயர்ல மட்டும் ஓட்டமுடியாதா? என் வீட்டுக்காரி பேசறதே இதுலதாம்மா."

அந்தப் பெண் விளக்கை அணைத்துவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தாள். "இந்த மாடல் பேட்டரி இல்லாம ஓடாது சார். நான் போன் பண்ணி அவசரம்னு சொல்றேன்" என்றாள்.

திரும்பி நடந்தபோது அவருக்குத் தெரு கண்ணில் படவில்லை. கண்ணுக்குள் வைத்துக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு தன் கையாலேயே கெடுத்துவிட்டோமே என்று மனசு அடித்துக்கொண்டது.

வழியில் ஒரு நோட்டும் பேனாவும் வாங்கிக்கொண்டு போனார். டீச்சர் அதை வாங்கினாள், புரட்டிப் பார்த்தாள், அலமாரிமேல் வைத்துவிட்டாள். அவருடைய முகவாயைப் பிடித்துத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள். பிறகு உதட்டை அசைத்தாள். சத்தம் இல்லை.

"எழுதிக் காட்டேன் டீச்சர்."

தலையை ஆட்டி மறுத்தாள். மறுபடி உதட்டை அசைத்தாள்.

"மாமாவா? எந்த மாமா? உங்க சித்தப்பா வீட்டு மாமாவா வராரு?"

அவள் சமையலறைப் பக்கம் கையை நீட்டினாள். அதற்குள் பால் பொங்கி அடுப்பு முழுக்க வழிந்துவிட்டது.

இருவரும் ஓடிப்போய் அடுப்பை அணைத்தார்கள். அவர் துணியால் துடைத்துக்கொண்டே, "பாலுன்னா சொன்ன? எனக்கு மாமான்னுதானே தெரிஞ்சுது!" என்றதும் டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் குலுங்க, கண்ணில் தண்ணீர் வர, கழுத்துத் துணி படபடக்கச் சத்தமே இல்லாமல் சிரித்தாள். பேட்டரிக்காரர் துடைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார். அவள் சிரிக்கும்போது இடது புருவம் மட்டும் மேலே ஏறும். இத்தனை மாதமாக அதை அவர் பார்க்கவே இல்லை. அவள் பேசும்போதெல்லாம் அவர் கண் திரை ஓரத்து எண்ணில்தான் இருந்தது.

மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது கடைப்பெண் சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னார். "நான்தான் கெடுத்தேன் டீச்சர். உனக்குப் பேச்சு நின்னுடக் கூடாதேன்னுதான்…" என்று இழுத்தார்.

அவள் தட்டைத் தள்ளி வைத்தாள். ஒவ்வொரு சொல்லாக, மெதுவாக உதட்டை அசைத்தாள். அவர் ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டார்.

"எனக்கும்… பயம்… தான். பயமா? எதுக்கு?"

"நீங்க… இல்லாத… நேரத்துல…" என்று படித்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். மிச்சத்தை அவளே முடித்தாள்: "பேச்சு நின்னுடுமோன்னு." இந்த முறை ஒரே தடவையில் அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஆனாலும் போகணுமா?" என்று கேட்டார். அவள் தலையசைத்தாள். "சரி, போ" என்றார்.

திங்கள்கிழமை தாண்டித்தான் புது பேட்டரி வந்தது. எண்பதில் சார்ஜ் ஏறுவது நின்றபோது அவர் கை தன்னால் வயருக்குப் போயிற்று. டீச்சர் புறங்கையில் ஒரு தட்டுத் தட்டினாள். அவள் பள்ளிக்குப் போன முதல் நாள் மாலை பேட்டரி அறையில் அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஒரே பேட்டரியின் முனையை மூன்று தடவை துடைத்தார். போனில் செய்தி அனுப்பினார்: "இப்ப எவ்ளோ இருக்கு?"

கொஞ்ச நேரம் கழித்துப் பதில் வந்தது: "எழுபத்தி ஒன்னு. வேளையைப் பாறுங்க." எழுத்துப்பிழையோடு வந்த அந்த அதட்டல் அவருக்கு உள்ளுக்குள் இனித்தது. மறுபடி கேட்டார். அதற்குப் பதிலே இல்லை. வேலை முடிந்ததும் நேராகப் பள்ளிக்கு ஓடினார்.

மைதான ஓரத்து மரநிழலில் பெஞ்சில் லேப்டாப் இருந்தது. சுற்றிப் பிள்ளைகள். "பந்தை மார்பளவில் பிடி. விரலால் தள்ளு" என்று செய்தி வாசிக்கிற பெண் சொல்லிக்கொண்டிருந்தாள். குள்ளமாக இருந்த ஒரு பெண் பின்னால் நின்று, அதே குரலில், அதே நிதானத்தில், "வணக்கம். இன்றைய. முக்கியச் செய்திகள். டீச்சருக்கு. கோபம் வந்துவிட்டது" என்றாள். எல்லோரும் பயந்துபோய் டீச்சரைப் பார்த்தார்கள். டீச்சரின் இடது புருவம் மேலே ஏறியது. அவ்வளவுதான், மைதானமே சிரித்தது. பிறகு அவள் எழுந்து போய் அந்தக் குள்ளப் பெண்ணின் முழங்கையைப் பிடித்துச் சரியான உயரத்துக்குத் தூக்கிவிட்டாள். அதைச் சொல்ல அவளுக்கு லேப்டாப் தேவைப்படவில்லை. பேட்டரிக்காரர் கிட்டே போகாமல் வாசல் கதவோரமே நின்றுகொண்டார்.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் டீச்சர் லேப்டாப்பை மடியில் திறந்தாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்ததைப்பற்றிக் கவலைப்படாமல் அன்றைய கதையை ஆரம்பித்தாள். யார் நன்றாக விளையாடுகிறாள், யார் ஓடத் தெரியாமல் ஓடுகிறாள், தலைமை ஆசிரியை என்ன சொன்னாள் என்று ஒரே மூச்சில். நடுவில் திரையின் ஓரத்தைப் பார்த்தவள், "இருபத்தி ரெண்டு. மிச்சம் வீட்டுல" என்று தட்டிவிட்டு மூடினாள்.

"இப்பவே சொல்லேன்" என்றார் அவர். "பாதியில விட்டா எனக்குத் தலை வெடிச்சிடும். அந்தக் குட்டைப் பொண்ணு அப்புறம் என்ன பண்ணா?"

டீச்சர் அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்து உதட்டை அசைக்க ஆரம்பித்தாள். அவர் முகத்தை முன்னால் நீட்டிக்கொண்டு, "என்ன, கால்ல விழுந்தாளா? ஓ, கால் தடுக்கி விழுந்தாளா?" என்று தப்பும் தவறுமாகப் பின்தொடர்ந்தார். பஸ் அவர்கள் இறங்கவேண்டிய நிறுத்தத்தில் நின்றது, ஆட்களை இறக்கியது, கிளம்பியது. இருவரும் கவனிக்கவில்லை.