பூட்ஸுக்குள் வெங்காயம்

என் புருஷன் ஹார்லன் ஒரு வெங்காயத் திருடன். முப்பத்துநாலு வருஷமாக எனக்கு அது தெரியும். ஊருக்கும் தெரியும்.

பீன்ஸ் கேசரோல் செய்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பீன்ஸும் காளான் சூப்பும் பாலும் கண்ணாடித் தட்டில் சேர்ந்து ஓவனுக்குள் கொதித்து வரும்போது, கடைசி ஐந்து நிமிஷத்தில்தான் டப்பாவில் விற்கிற வறுத்த வெங்காயத்தை மேலே தூவ வேண்டும். முன்னாடியே தூவினால் கருகித் தொலையும். தூவாமலே விட்டால் அதை யாரும் கேசரோல் என்று சொல்லமாட்டார்கள். எங்கள் வீட்டில் அந்தக் கடைசி ஐந்து நிமிஷம்வரை டப்பாவில் வெங்காயம் மிஞ்சியதாகச் சரித்திரமே கிடையாது. நான் அந்தப் பக்கம் திரும்பினால் இந்தப் பக்கம் மொறுமொறுவென்று சத்தம் கேட்கும்.

அதனால் இரண்டு டப்பா வாங்குவேன். ஒன்று அவன் திருட, இன்னொன்று ஒளித்துவைக்க. பியானோ பெஞ்சுக்குள் வைத்திருக்கிறேன், நாய்த்தீனி மூட்டைக்குள் வைத்திருக்கிறேன், ஒரு வருஷம் துணி துவைக்கிற மெஷினுக்குள்ளேயே வைத்தேன். பல தடவை அதையும் மோப்பம் பிடித்துவிடுவான். தின்று தீர்த்துவிட்டு மூடியை ஒழுங்காக மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிடுவான். அந்த ஒழுங்கைப் பார்த்தால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

இந்த மார்ச்சில் அவனுக்குப் பக்கவாதம் வந்தது. காலில் மெல்லத் தெம்பு திரும்பி, தடி ஊன்றி நடக்கிறான். வலது கை மட்டும் மடியில் கிடக்கிறது, யாரோ வைத்துவிட்டு மறந்துபோன பொருளைப்போல. பேச்சும் வந்தது, ஆனால் வார்த்தைகள் இடம் மாறி வந்தன. மே மாசம் சர்ச்சில் பாதிரியாரை எங்கள் நாயின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுவிட்டான். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். பாதிரியாரும் சிரித்தார், நல்ல மனசோடுதான். அன்றோடு இவன் வாயை மூடிக்கொண்டான். சர்ச்சுக்குப் போவதையும் நிறுத்தினான். என்னிடம்கூட தலையாட்டல்தான். என் சமையலைக் குறை சொல்லாமல் ஒரு நாள் சாப்பிட்டு எழுந்தது கிடையாது அந்த மனுஷன். ஆறு மாசமாக எதைப் போட்டாலும் பேசாமல் விழுங்கினான். அந்த அமைதி என்னைத் தின்றது.

செவ்வாய்க்கிழமை தோறும் பிசியோதெரபி கொடுக்க டெஸ்ஸா என்றொரு பெண் வருவாள். போன வாரம் கிளம்பும்போது என்னை வாசலுக்கு அழைத்தாள்.

"ஆர்டிஸ், கையில உயிர் இருக்கு. விரல் மடங்குது, நான் கண்ணால பாத்தேன். ஆனா அவருக்கே வேணாம்னு இருக்கு. பந்தைக் குடுத்தா கீழ போட்டுடறாரு. இந்தக் குளிர்காலத்துக்குள்ள அதை வேலை வாங்கலேன்னா அப்புறம் இப்படியேதான் நின்னுடும். அவருக்கு எது மேல ஆசையோ அதைக் கண்டுபிடிங்க."

"அவனுக்கு மான் வேட்டை மேலதான் ஆசை. துப்பாக்கியைத் தூக்கிக் கையில குடுக்கட்டுமா?" என்றேன்.

அவள் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சனிக்கிழமைதான் மான் வேட்டை தொடங்கும் நாள். பதினாலு வயசிலிருந்து ஹார்லன் ஒரு வருஷம்கூடத் தவறவிட்டதில்லை.

வேட்டை தொடங்கிய மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சர்ச்சின் கீழ்த்தளத்தில் வேட்டைக்காரர்களுக்கு விருந்து. ஐம்பது அறுபது பேர் ஆரஞ்சுச் சட்டையோடு, சேறு பூசின பூட்ஸோடு வந்து உட்காருவார்கள். என் கேசரோலுக்கு அங்கே ஒரு பேர் உண்டு. சும்மா பீன்ஸ் மட்டும் போட்டால் அந்தப் பசிக்கு எந்த மூலைக்கு? நான் உருளைக்கிழங்கும், மான்கறி சாசேஜும் சேர்த்துத்தான் போடுவேன்.

பெர்னடின் போன் பண்ணினாள். நாற்பது வருஷ சிநேகிதி, வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"ஏண்டி, இந்த வருஷம் செய்வியா மாட்டியா? முடியலேன்னா சொல்லு, நான் செஞ்சு கொண்டு வர்றேன்."

"உன் கேசரோலை எங்க நாயே மோந்து பாத்துட்டுப் போயிடும். நானே செய்றேன்."

"ஹார்லனைக் கூட்டிட்டு வாடி."

"வந்தாத்தானே," என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை கடைக்குப் போனேன். பழக்கதோஷம், கை தானாக இரண்டு வெங்காய டப்பாவை எடுத்தது. வீட்டுக்கு வந்து ஒன்றைத் திறந்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவன் முன்னால் வைத்தேன்.

"இந்தா ஹார்லன். நான் ஒண்ணும் பாக்கல. எடுத்துக்கோ."

டப்பாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். இடது கையால் அதை மெல்லத் தள்ளி வைத்துவிட்டு வெளியே காட்டைப் பார்க்கத் தொடங்கினான்.

குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சும்மா சொல்லக் கூடாது, மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். முப்பத்துநாலு வருஷம் இந்த ஆளை வெங்காயத்துக்காகத் திட்டியிருக்கிறேன். திருடுடா என்று கெஞ்சுகிற காலம் வரும் என்று யார் கண்டார்கள்?

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தபோது இரண்டாவது டப்பா இன்னும் பையிலேயே இருந்தது. இனி யாருக்காக ஒளித்துவைக்க என்று மனசு சொன்னது. ஆனாலும் மேஜைமேல் வைக்கக் கை வரவில்லை. கதவுப் பக்கத்து அலமாரியைத் திறந்தேன். அவனுடைய வேட்டை பூட்ஸ் மூலையில் நின்றது. இந்த வருஷம் அதைத் தொடப்போகிறவர் யாருமில்லை. வலது பூட்ஸுக்குள் டப்பாவை இறக்கிவிட்டு அலமாரியைச் சாத்தினேன்.

சனிக்கிழமை விடியும்போதே காட்டுப் பக்கம் வெடிச்சத்தம் தொடங்கிவிட்டது. ஹார்லன் ஜன்னலோரத்தில் ஒவ்வொரு சத்தத்துக்கும் தலையைக் கொஞ்சம் திருப்பினான். என்னால் பார்க்க முடியவில்லை. மேஜை போட ஆள் வேண்டும் என்று சர்ச்சில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சாக்கில் வெளியே கிளம்பிவிட்டேன். திரும்பிவர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அவன் அதே நாற்காலியில்தான் இருந்தான். திறந்து வைத்த டப்பா அப்படியே நமுத்துக் கிடந்தது. கொண்டுபோய்ப் பறவைகளுக்குக் கொட்டினேன்.

ஞாயிறு மத்தியானம் சமையலில் இறங்கினேன். ஃப்ரீசரில் ஒரே ஒரு சாசேஜ் வளையம் மிச்சமிருந்தது. போன வருஷம் ஹார்லன் சுட்ட மான். கறிக்கடையில் அரைத்துப் புகைபோட்டுக் கொடுத்தார்கள். மேலே சுற்றிய காகிதத்தில் 'ஆர்டிஸ், இதை நாய்க்குப் போடாதே' என்று அவனுடைய கொட்டை எழுத்து. வலது கை எழுத்து. காகிதத்தை மடித்து மேலாடைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வளையத்தை வில்லை வில்லையாக வெட்டி, வாணலியில் ஓரம் சிவக்கும்வரை வறுத்தேன். அந்தக் கொழுப்பிலேயே உருளைக்கிழங்கைப் புரட்டினேன். எங்கள் தோட்டத்துப் பீன்ஸை அரை வேக்காட்டில் வடித்துச் சேர்த்து, காளான் சூப், பால், நிறைய மிளகு, ஒரு கை துருவிய சீஸ் எல்லாம் கலந்து தட்டில் கொட்டினேன். அடியில் என் பேர் எழுதிய நாடா ஒட்டின பழைய தட்டுதான். சர்ச் விருந்தில் தட்டு மாறாமலிருக்க எல்லாரும் அப்படித்தான் ஒட்டுவோம். ஓவனில் தள்ளினேன். வீடு முழுக்கப் புகைபோட்ட கறி வாசம்.

முக்கால் மணி நேரம் கழித்து ஓரமெல்லாம் குமிழிவிட்டுக் கொதித்தது. வெங்காயத்துக்கு நேரமாகிவிட்டது. அலமாரியைத் திறந்தேன்.

வலது பூட்ஸின் கயிறு முழுக்க அவிழ்ந்து, வாய் அகலத் திறந்திருந்தது. நான் அவிழ்க்கவில்லை. உள்ளே கையை விட்டேன். டப்பா இருந்தது. தூக்கினால் காற்றுமாதிரி வந்தது.

மூடியைத் திறந்து பார்த்தேன். அடியில் ரெண்டு பொடி. மேலே ஒட்டியிருக்கும் தகரத் தகட்டை வளையம் பிடித்து முழுசாக இழுத்திருக்கிறான். அதை ஒரு கையால் யாரும் செய்ய முடியாது. ஒரு கை டப்பாவைப் பிடிக்க வேண்டும், மற்றது இழுக்க வேண்டும். ஓரத்தில் நசுங்கல், கோணல், எத்தனை தடவை நழுவியதோ. கிழித்த தகட்டையும் மடித்து உள்ளேயே போட்டு, மூடியை ஒழுங்காக மூடி, பூட்ஸுக்குள்ளேயே திரும்ப வைத்திருக்கிறான்.

சனிக்கிழமை நான் போன பிறகு பூட்ஸைப் போட்டுப் பார்க்க வந்திருக்கிறான், தனியாக. கால் உள்ளே போகவில்லை. ஏன் போகவில்லை என்று பார்த்திருக்கிறான்.

"ஹார்லன்!" என்று கத்தினேன். "திருட்டுப் பயலே! அம்பது பேர் சாப்பிட வர்றாங்க! மொட்டைக் கேசரோலை நான் எந்த மூஞ்சியோட கொண்டுபோய் வைப்பேன்? உனக்கு வெக்கமா இல்ல? கடையும் மூடியாச்சு!"

கத்துகிறேன், கண்ணிலிருந்து தண்ணி அது பாட்டுக்குக் கொட்டுகிறது. அவன் வாயின் இடது பக்கம் மெல்ல மேலே போயிற்று. சட்டையின் முன்பக்கத்தைப் பார்த்தேன். பழுப்புத் தூள். நேற்றையது, தட்டிவிடக்கூட இல்லை. நேற்றிலிருந்து என் கண்ணுக்குத்தான் படவில்லை.

பிறகு தடியை ஊன்றி எழுந்தான். ஆணியில் மாட்டியிருந்த ஆரஞ்சு வேட்டைத் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு, கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றான். நான் உடனே ஓவனை அணைத்தேன். தாமதித்தால் மனசு மாறிவிடுவானோ என்று பயம். தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினேன்.

சர்ச்சில் இவனைப் பார்த்ததும் ரெண்டு மூன்று பேர் எழுந்து, நாற்காலியை இழுத்துப்போட்டு மேஜையோரம் உட்காரவைத்தார்கள். பெர்னடின் ஓடிவந்து இவன் தோளைத் தொட்டாள். பிறகு மேஜைமேல் நான் வைத்த தட்டை எட்டிப் பார்த்தாள். அந்த நீள வாய் சும்மா இருக்குமா?

"ஐயய்யோ, ஆர்டிஸ்! இது என்னடி மொட்டையா நிக்குது? வெங்காயம் எங்க? யாரு தின்னது?"

வரிசையில் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். பக்கத்தில் ஏதோ அசைந்தது.

ஹார்லன் வலது கையைத் தூக்கிக்கொண்டிருந்தான். மடியிலிருந்து மேஜை விளிம்புக்கு, அங்கிருந்து நெஞ்சுக்கு, பிறகு இன்னும் கொஞ்சம் மேலே. பள்ளிக்கூடத்துப் பையன் வாத்தியார் முன்னால் தூக்குகிற மாதிரி.

"நான்," என்றான். கொஞ்சம் தேடி, அடுத்ததையும் கண்டுபிடித்தான். "நான்தான். உப்பு... பத்தல."

எல்லாரும் சிரித்தார்கள். இந்தத் தடவை அவனும் சிரித்தான். கை நடுங்கியது, ஆனாலும் மேலேயே நின்றது. நான் இறக்கச் சொல்லவில்லை.