விற்றவளுக்கும் ஒரு சூட்

“எனக்கு சூட் வேணும் சார்.”

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிடிக்காத பேச்சு எது காதில் விழுந்தாலும் அவர் முதலில் துடைப்பது கண்ணாடியைத்தான். காதுக்கும் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம் என்று அந்த அலுவலகத்தில் யாரும் கேட்டதில்லை.

“எந்தக் கஸ்டமருக்கு?”

“கஸ்டமர் இல்ல. எனக்கும் எங்கம்மாவுக்கும்.”

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் தட்டச்சுச் சத்தம் நின்றது. வெளியே இருந்த ஆறு பேரும் வேலை செய்வதுபோல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ரேடியோ அக்கா மட்டும் நாற்காலியை அரையடி பின்னால் தள்ளிப் போட்டுக்கொண்டாள். ஒரு பேச்சையும் தவறவிடாமல் கேட்டு அப்படியே ஒலிபரப்புவதால் வந்த பெயர் அவளுக்கு.

சொகுசுக் கப்பல்களில் அறை பதிவு செய்துதரும் அலுவலகம் அது. இப்போது சூட் கேட்டு நிற்பவளை, வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே மேனேஜர் இதே அறையில் உட்கார வைத்துச் சொல்லியிருந்தார்: “சூட் சூட்னு நாள் முழுக்க வாயில வரணும். ஆனா எனக்குன்னு மட்டும் வந்துடக் கூடாது. விக்கிறவங்க ஆசைப்பட ஆரம்பிச்சா யாவாரம் படுத்துடும்.” வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள் என்று விண்ணப்பத்தில் பெருமையாக எழுதியிருந்தாள். அதைப் படித்தவர் அன்றிலிருந்து அவளை “டிகிரி” என்றுதான் கூப்பிட்டார். கேலியா பாராட்டா என்று கண்டுபிடிக்க அவளுக்கு ஒரு வாரம் ஆயிற்று. கேலிதான்.

கப்பல் கம்பெனி ஆண்டுதோறும் அலுவலகத்துக்கு இரண்டு அறைகளை இலவசமாகத் தரும். ஒன்று பதினோராம் தளத்தில் சூட், அதாவது சோபா, குளியல் தொட்டி, பால்கனியெல்லாம் வைத்த பெரிய அறை. இன்னொன்று கீழே இரண்டாம் தளத்தில் ஸ்டாண்டர்ட் கேபின். ஓர் அறைக்கு இரண்டு பேர், ஐந்து நாள் பயணம். விற்பவர்கள் கண்ணால் பார்த்துவிட்டு வந்து விற்கட்டும் என்பது கம்பெனியின் எண்ணம். மேனேஜரின் எண்ணம் வேறு. சூட் அவருக்கும் அவர் மனைவிக்கும். ஆண்டு முழுவதும் தொண்டை வறளப் பேசி அதிகம் விற்றவருக்குக் கீழே இருக்கிற கேபின். வருடாவருடம் அப்படியே நடந்ததால் அதுவே சட்டமாகிவிட்டது.

போன ஆண்டு அந்தக் கேபினுக்குப் போனவள் அவள்தான், துணைக்கு ரேடியோ அக்கா. நுழைந்ததும் எதிர்ச் சுவரில் அழகான திரைச்சீலை தொங்கியது. ஆசையாக ஓடிப்போய் விலக்கினாள். பின்னால் ஜன்னல் இல்லை, முகம் பார்க்கும் கண்ணாடி. கடல் பார்க்க வந்தவள் ஐந்து நாளும் தன் மூஞ்சியைத்தான் பார்த்தாள். விடிந்ததா இல்லையா என்று கைப்பேசியைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. மூன்றாம் நாள், சூட் எப்படி இருக்கும் என்றாவது பார்த்துவிடலாம் என்று பதினோராம் தளத்துக்கு ஏறிப் போய்க் கதவைத் தட்டினாள். மேனேஜரின் மனைவி ஒரு சாண் அளவுக்குக் கதவைத் திறந்தார்.

“அவரு தூங்குறாரும்மா. என்ன தெரியணுமோ கேளு, நான் சொல்றேன்.”

வாசலில் நின்றபடியே கேட்டுக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். சோபா எத்தனை பேருக்கு, குளியல் தொட்டி எவ்வளவு நீளம், பால்கனி என்ன அகலம். அந்த ஒரு பக்கக் குறிப்பை வைத்துக்கொண்டுதான் ஓர் ஆண்டாக ஐம்பத்துநான்கு சூட்களை விற்றிருக்கிறாள். “பால்கனில ரெண்டு பேரு காலை நீட்டி உக்காரலாமா?” என்று கேட்பார்கள். “தாராளமா சார்” என்பாள். ஒவ்வொரு “தாராளமா”வும் அவளுக்கு உள்ளே போய்க் குத்திக்கொண்டே இருந்தது.

அதையும் விழுங்கியிருப்பாள். இந்த ஆண்டு அம்மா வந்து குறுக்கே நின்றாள்.

அம்மாவுக்கு ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. தரைக்குக் கீழே, இரண்டு தளம் இறங்கிப் போக வேண்டும். படுக்கை விரிப்புகளைத் துவைத்து, உலர்த்தி, மடித்து, வண்டியில் ஏற்றி மேலே அனுப்ப வேண்டும். இருபத்தாறு ஆண்டுகள். இந்த மாதக் கடைசியோடு ஓய்வு. கப்பலுக்கு வருகிறாயா என்று மகள் கேட்டதும் அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள்.

“ஜன்னல் இருக்கா?”

“அந்த ரூம்ல இல்லம்மா. ஆனா மேல தளத்துக்குப் போயிட்டா எங்க பாத்தாலும் கடல்தான்.”

“இருவத்தாறு வருஷமா ஜன்னலில்லாத இடத்துல நின்னு என் கண்ணே அவிஞ்சு போச்சு. இனிமே தங்கத்துல இழைச்சுக் குடுத்தாலும் அப்படி ஒரு ரூமுக்குள்ள நான் காலை வெக்க மாட்டேன். நீ போயிட்டு வா.”

அம்மா ஒருமுறை மாட்டேன் என்றால் மாட்டேன்தான். சூட் கிடைத்தால் அம்மா வருவாள், கிடைக்காவிட்டால் வர மாட்டாள். அவ்வளவுதான் கணக்கு. அதைச் சொல்லத்தான் இன்று அவள் மேனேஜரின் அறைக்குள் வந்திருந்தாள்.

மேனேஜர் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். குரலில் சர்க்கரை ஏறியது.

“டிகிரி, நீ நெனைக்கிற மாதிரி இல்லம்மா சூட்டு. ரொம்ப உசரத்துல இருக்கா, லேசா அலை அடிச்சாலே ஊஞ்சல் மாதிரி ஆடும். வயித்தப் பெரட்டும். சாப்பாட்டுக் கூடத்துக்கு வரணும்னா லிஃப்ட்டுக்குக் காத்துக்கிட்டே நிக்கணும். கீழ் தளத்து கேபின் அப்படியா? தொட்டில் மாதிரி, ஆடாது அசையாது. மொத்தத்துல படுத்துத் தூங்கத்தான ரூமு?”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்த அலுவலகத்தில் “ஏணி” என்று ஒரு வித்தை உண்டு. கஸ்டமருக்கு முதலில் ஜன்னலில்லாத கேபினைக் காட்டி, “கொஞ்சம் அடைசலா இருக்கும் சார்” என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். மனதுக்குள் பத்து எண்ண வேண்டும். கஸ்டமரே நெளிந்துகொண்டு, “வேற இருக்கா?” என்பார். அப்போது ஜன்னல், அப்புறம் பால்கனி, அப்புறம் சூட். ஒவ்வொரு படியாக ஏற்றிக்கொண்டு போக வேண்டும். அந்த ஏணியைக் கற்றுக்கொடுத்தவர் இப்போது அதையே தலைகீழாகப் போட்டு அவளை இறக்கப் பார்க்கிறார்.

“அப்ப ஐம்பத்துநாலு பேருக்கு நான் வித்தது ஊஞ்சலா சார்? அவங்களுக்கெல்லாம் போன் பண்ணிச் சொல்லிடவா?”

“வாய் நீளுது உனக்கு.”

“வாயை வெச்சுத்தான சார் இங்க பொழப்பு.”

வெளியே யாரோ இருமினார்கள். ரேடியோ அக்காவாகத்தான் இருக்க வேண்டும்.

மேனேஜர் போனை எடுத்தார். “சரி. நான் சொன்னா நீ நம்ப மாட்ட. கம்பெனிக்காரர் வாயாலயே கேட்டுக்கோ.” அவளுக்கும் கேட்கட்டும் என்று ஒலிபெருக்கியைப் போட்டுவிட்டு எண்ணை அழுத்தினார். கப்பல் கம்பெனியின் பிரதிநிதி எப்போதும் அவசரத்தில் இருக்கும் மனிதர். ‘வணக்கம் சார்’ என்பதற்கே அவரிடம் மூச்சு போதாது.

“ஒன்னுமில்ல சார், இந்த இலவச ரூம் விஷயம். சூட்டு யாருக்குன்னு நம்ம பொண்ணுக்குக் கொஞ்சம் எடுத்துச் சொல்லுங்க.”

“அதான் போன வாரமே மெயில் போட்டோமே சார். சூட்டு நாலாம் நம்பருக்கு. ஸ்டாண்டர்டு கேபின் ஆபீஸ் பொறுப்பாளருக்கு.”

மேனேஜரின் கை அனிச்சையாகக் கண்ணாடிக்குப் போனது.

நாலாம் நம்பர் அவள்தான். போன ஆண்டு வரை எல்லாப் பதிவும் ஒரே எண்ணில், அதாவது மேனேஜரின் எண்ணில் போய்க்கொண்டிருந்தது. யார் விற்றாலும் விற்றவர் மேனேஜர். இந்த ஆண்டின் தொடக்கத்தில் அவருக்கு ஒரு சந்தேகம் வந்தது. யாரோ சும்மா உட்கார்ந்து நாற்காலியைத் தேய்க்கிறார்கள், அது யார் என்று பிடித்துவிட வேண்டும். அவரே கம்பெனிக்கு எழுதி ஆளுக்கு ஓர் எண் வாங்கினார். பட்டியலைச் சுவரில் ஒட்டி, “இனிமே யாரும் தப்பிக்க முடியாது” என்று சொன்னார். அதிகம் விற்ற எண்ணுக்குத்தான் சூட் என்பது கம்பெனியின் பழைய விதி. இத்தனை ஆண்டும் ஒரே எண் இருந்ததால் அந்த விதி அவர் மடியிலேயே வந்து விழுந்துகொண்டிருந்தது. எண்ணைப் பிரித்தால் அதுவும் பிரியும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. மெயிலையும் முழுதாகப் படிக்கவில்லை. வழக்கமாக வருவதுதானே.

“அப்புறம் சார்,” பிரதிநிதியின் குரல் அறையெங்கும் கேட்டது, “ஒன்னாம் நம்பர்ல வருஷம் முழுக்க ஒரு பதிவுகூட இல்லையே. யாரு சார் அது? நீண்ட லீவுல இருக்காங்களா?”

கதவுக்கு வெளியே ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. ஒன்றாம் நம்பர் மேனேஜர்.

“அது… பாத்துச் சொல்றேன். பேர மாத்திக்கலாம்ல?”

“நாலாம் நம்பர்க்காரங்க எழுதிக் குடுத்தா மாத்தலாம். இல்லன்னா அவங்க கையெழுத்தோட படிவம் அஞ்சு மணிக்குள்ள வந்துடணும்.”

அன்று வெள்ளிக்கிழமை, மணி மூன்றே கால். மேனேஜர் அவளைப் பார்த்தார். முதல்முறையாக அந்தப் பார்வை கொஞ்சம் கீழிருந்து வந்தது. பிறகு போன் பக்கம் குனிந்தார்.

“சார், லைன்லயே இருங்க. கீழ கேபினுக்குப் பதிலா ஜன்னல் வெச்ச ஸ்டாண்டர்டு கேபினா ஒன்னு மாத்தித் தர முடியுமா?”

“அதுக்கென்ன சார், கேட்டா எந்த வருஷமும் குடுப்போமே. நீங்கதான் கேட்டதே இல்ல.”

போன் அடங்கியது. அவளுக்குக் காது சூடேறிற்று. ஒரு வாக்கியம். போனில் அரை நிமிடம். அதைச் செலவழிக்க மனம் வராமல்தான் போன ஆண்டு ஐந்து நாள் அவளைக் கண்ணாடிக்கு முன்னால் உட்கார வைத்திருந்தார்.

“பாத்தியா, வாங்கிக் குடுத்துட்டேன்,” என்றார் மேனேஜர், என்னவோ கப்பலையே வாங்கிக் கொடுத்ததுபோல. “பெரிய ஜன்னல். உங்கம்மா பாட்டுக்கு உக்காந்து கடலைப் பாக்கட்டும். சூட்ட எனக்கு எழுதிக் குடுத்துடு. என் வொய்ஃப் சொந்தக்காரங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டா. மானப் பிரச்சினைம்மா. நீ எனக்குப் பொண்ணு மாதிரி.”

“அஞ்சு நிமிஷம் சார்.”

தண்ணீர்க் குழாய் இருக்கும் நடைவழிக்குப் போய் அம்மாவைக் கூப்பிட்டாள். பின்னால் துவைக்கும் இயந்திரங்கள் இரைந்தன. அம்மா கத்தித்தான் பேசினாள்.

“என்னடி இந்நேரத்துல?”

“ரெண்டு ரூம் இருக்கும்மா. சின்னதுலயும் ஜன்னல் இருக்கு இப்ப. பெரியதுல பால்கனியே இருக்கு. சின்னத எடுத்துக்கோன்னு மேனேஜர் கெஞ்சுறாரு.”

“பெரிய ரூம் யார் பேருல வந்திருக்கு?”

“என் பேருல.”

“யாரு வேலை செஞ்சதுக்கு?”

“நான் செஞ்சதுக்குத்தான்.”

“அப்புறம் எதுக்குடி எனக்குப் போன் பண்ற? பாதி வண்டி விரிப்பு மடிக்காம கெடக்கு.” வைக்கப் போனவள் நிறுத்தினாள். “ஏய், அந்தப் பெரிய ரூம்ல விரிப்பு யாரு மாத்துவா?”

“அவங்களே வந்து மாத்துவாங்க. தினம் ரெண்டு வேளை.”

அந்தப் பக்கம் விரிப்பு ஒன்றை உதறும் சத்தம் கேட்டது.

“ரெண்டு வேளையா,” என்றாள் அம்மா. “சரி சரி. மொனை மடிப்பு சரியா இருக்கான்னு நான் பாக்கறேன்.”

அம்மா வைத்துவிட்டாள். அவள் ஒரு டம்ளர் தண்ணீரைக் குடித்து முடித்தாள். நடைவழி அலமாரியில் அடுக்கியிருந்த கம்பெனிப் படிவங்களில் ஒன்றை உருவி, அங்கேயே சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். பயணிகள் பெயர் என்ற இடத்தில் முதலில் அம்மாவின் பெயர், கீழே அவளுடையது. தொழில் என்ற கட்டத்தில் அம்மாவுக்கு ‘சலவைக்கூட ஊழியர்’ என்று முழுதாக எழுதினாள். கைப்பேசியில் படமெடுத்துக் கம்பெனிக்கு அனுப்பினாள். கிடைத்தது என்று பதில் வரும் வரை அங்கேயே நின்றாள். வந்தது.

பிறகுதான் மேனேஜரின் அறைக்குப் போனாள். அவர் வெள்ளைத் தாள் ஒன்றையும் பேனாவையும் அவள் பக்கமாக ஒழுங்காக நகர்த்தி வைத்திருந்தார். அவள் உட்காரவில்லை.

“சார், ரூம் எடுக்குறதுக்கு முன்னாடி சில விஷயம் தெரிஞ்சுக்கணும். கீழ ஜன்னலில்லாத கேபின் இருக்கு. கொஞ்சம் அடைசலா இருக்கும்.”

வாயை மூடிக்கொண்டாள். மனதுக்குள் எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு. மேனேஜர் நெளிந்தார். ஐந்து, ஆறு. அவர் முகத்தில் ஏதோ புரியத் தொடங்கியது. எட்டு.

“என்ன வெளையாட்டு இது?”

“அதனால உங்களுக்கு ஜன்னல் வெச்ச கேபினே இருக்கட்டும் சார். தொட்டில் மாதிரி, ஆடாது அசையாது. சூட்டுக்கு நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டேன்.”

“என்னக் கேக்காமயா? இந்த வேலை உனக்கு வேணுமா வேண்டாமா?”

“வேணும். திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு நாலாம் நம்பர்ல உக்காந்திருப்பேன். அடுத்த ஐம்பத்துநாலு பேருக்குப் பொய் சொல்ல வேண்டியதில்ல. பாத்துட்டு வந்து சொல்லுவேன். ஆடுச்சுன்னா ஆடுச்சுன்னே சொல்லுவேன். வேண்டாம்னா எழுதிக் குடுங்க, எதுக்குன்னு காரணத்தோட.”

மேனேஜர் எழுதவில்லை. தாள் வெள்ளையாகவே கிடந்தது. “நில்லும்மா, பேசலாம், உக்காரு,” என்றார். பால்கனி வைத்த கேபின் கேட்டு வாங்கித் தருகிறேன் என்றார், அடுத்த ஆண்டு என்றார், சம்பளம் என்று ஏதோ தொடங்கினார். அவள் தன் மேசைக்குப் போய்ப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டிருந்தாள். ரேடியோ அக்கா நாற்காலியிலிருந்து எழுந்து அவளுக்கு வழிவிட்டாள்.

சீக்கிரம் கிளம்புவதற்கான அனுமதிச் சீட்டை வழக்கமாக மேனேஜரின் மேசையில் கொண்டுபோய் வைத்து, அவர் தலையாட்டும் வரை நிற்க வேண்டும். அவள் எழுதித் தன் மேசையிலேயே வைத்துவிட்டு, இரண்டு மாடியையும் படியிலேயே இறங்கித் தெருவுக்கு வந்தாள். ஆஸ்பத்திரிப் பக்கம் போகிற பேருந்து திருப்பத்தில் வந்துகொண்டிருந்தது. கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொண்டாள்.