வண்டிப் போர்வை

வாசலில் நின்ற மோட்டார் சைக்கிளின் பிளக்கை மகன் கழற்றித் துணியில் துடைத்தான். உள்ளே அவன் அப்பாவை வெள்ளைத் துணியால் மூடிக் கிடத்தியிருந்தார்கள். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லாரும் அந்த மோட்டார் சைக்கிளைச் சுற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் போக வேண்டியிருந்தது.

“அப்பன் உள்ள கிடக்கான், இவன் வண்டியப் பிரிச்சுப் போட்டு உக்காந்திருக்கான்” என்று நாத்தனார் முணுமுணுத்தாள். செத்தவரின் மனைவி வாசற்படியில் உட்கார்ந்து மகனின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது ஒரு கோளாறு அகப்பட்டால் போதும். ஒரு நட்டு தளர்ந்திருந்தால்கூடப் போதும்.

விடியும் நேரத்தில் அவருக்கு மூச்சுத் திணறியது. டாக்டர் போனை எடுக்கவில்லை. ஆம்புலன்ஸைக் கூப்பிட்டால், வண்டி எல்லாம் வெளியே போயிருக்கிறது, நேரமாகும் என்றார்கள். டாக்டர் வீடு ஊர்க்கோடியில். மகன் சோக்கை இழுத்து உதைத்தான், விட்டுவிட்டு உதைத்தான், கடைசியில் தெரு நெடுக வண்டியைத் தள்ளிக்கொண்டு ஓடினான். அது ஒரு செருமல்கூடச் செருமவில்லை. முனையில் அதைப் போட்டுவிட்டு ஓடியே போய் டாக்டரை அவர் காரிலேயே கூட்டி வந்தான். டாக்டர் நாடி பார்த்தார். கொஞ்சம் முன்னாடி வந்திருந்தால் என்று ஆரம்பித்தவர், அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

குளிர் நாளில் அந்த வண்டி லேசில் கிளம்பாது. அதற்கு அவர் செய்துவந்த வைத்தியம் ஒரு பழைய கம்பளிப் போர்வை. வேலை விட்டு வந்ததும் எஞ்சின் ஆறுவதற்குள் நாலாபக்கமும் செருகிப் போர்த்திவிடுவார். காலையில் நாலு உதையில் கிளம்பிவிடும். கம்பளிக்குள் விடியவிடியச் சூடு நிற்குமா என்று மெக்கானிக் சிரிப்பான். கட்டினவளுக்கு ஒரு நாளாவது இப்படிப் போர்த்திவிட்டதுண்டா என்று அவளும் கேட்டிருக்கிறாள். “நீதான் உதைக்காமலே கிளம்பிடுவியே” என்பார். படுக்கையில் விழுந்த பிறகும், மகன் வேலையிலிருந்து வந்ததும் வண்டியைப் போர்த்தினானா என்பதுதான் அவருடைய முதல் கேள்வி.

நேற்றுச் சாயங்காலம் அவருக்கு உடம்பு தூக்கிப் போட்டது. வீட்டிலிருந்த துணியையெல்லாம் மேலே போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. அவள் வெளியே போய் வண்டியின் போர்வையை உருவி வந்து அவர்மேல் போர்த்தினாள். பெட்ரோல் வாசனையில் அவர் கண் திறந்தார்.

“வண்டிக்கு?”

“வேற போட்டிருக்கேன். தூங்குங்க.”

வேறு எதுவும் வீட்டில் இல்லை. ஆனால் அவர் தூங்கினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு நிம்மதியாகத் தூங்கினார். அந்தச் சந்தோஷத்தில் மகனிடம் சொல்லவே அவளுக்கு மறந்துபோயிற்று. காலையில் அப்பாவின் மேலிருந்த அந்தப் போர்வையை எடுத்து மடித்துக் கால்மாட்டில் வைத்தவன் மகன்தான்.

முனையிலிருந்து வண்டியைத் தள்ளி வந்திருந்தவன் இப்போது பிளக்கை ஒயரில் மாட்டி எஞ்சினில் ஒட்டிப் பிடித்து உதைத்தான். நீலமாகப் பொறி பறந்தது; பிளக்கில் பழுதில்லை. கார்புரேட்டரைத் திறந்தான். பெட்ரோல் தூசி தும்பு இல்லாமல் வடிந்தது. சோக் ஒயரை இழுத்துப் பார்த்தான். அதுவும் சரியாக இருந்தது. ஒவ்வொன்றும் சரியாக இருக்க இருக்க, போர்வையை உருவிய நான்தான் கொன்றேன் என்று நினைத்தாள். சொல்லிவிட்டால் இந்தப் பிள்ளையாவது எழுந்து உள்ளே போய் அப்பாவின் பக்கத்தில் உட்காருவான்.

எல்லாவற்றையும் திரும்ப மாட்டிவிட்டு, பிளக்கை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு அவன் அவளிடம் வந்தான்.

“தம்பி, நேத்து அந்த...”

“பிளக்தாம்மா” என்றான். “இது செத்துப்போச்சு. என்ன பண்ணியிருந்தாலும் வண்டி கிளம்பியிருக்காது. யாராலயும் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது.”

அவள் பிளக்கைப் பார்க்காமல் அவனைப் பார்த்தாள். கண் சிவந்து, மூக்கில் கரி அப்பியிருந்தது.

“சரிப்பா” என்றாள். “போய் மூஞ்சியக் கழுவு.”

அவன் பிளக்கைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

வெயில் ஏறி உச்சிக்கு வந்தபோது வேன் வந்து அவரை எடுத்துக்கொண்டு போயிற்று. நாத்தனாரும் மற்றவர்களும் அதில் ஏறிக்கொண்டார்கள். மகன் வண்டியில் பின்னால் வருவதாகச் சொன்னான். அவள் உள்ளே காலிக் கட்டிலருகே நின்றாள். கால்மாட்டில் போர்வை மடித்தபடியே இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மகன் வண்டிக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். வாசலை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து அதே பிளக்கை எடுத்து மாட்டி இறுக்கினான்.

ஒரே உதையில் கிளம்பிற்று. தெருமுனை திரும்பிய பிறகும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. வண்டி நன்றாகத்தான் ஓடியது.